மூடிய வாயில்களும் ஒரு மாதரசியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே ஒரு பெண்மணியின் வாழ்வைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் நம்மைக் கேட்டுக்கொண்டார். வழக்குரைத்த பெண் என்றதும் இச்சபையோர் எல்லோருக்கும் கண்ணகியே முதலில் நினைவுக்கு வருவாள். சான்றுப் பொருளாகிய சிலம்பைக் கையிலேந்தி, அரசன் அவையிலே தனியளாய் நின்று, தன் கணவன் கள்வன் அல்லன் என்று நாட்டியவள் அவள். நாம் இன்று சொல்லப் புகுவதும் அவ்வாறு அவையேறி வழக்குரைத்த ஒருவருடைய கதையே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கண்ணகியின் வழக்கு ஒரே நாளில் முடிந்தது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். நாம் சொல்லப்போகும் பெண்மணி வழக்கிலே வென்ற பின்னரும் எதிராளி தன் பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடியும் மறுபடியும் நீதிமன்றப் படிகளில் ஏறவேண்டியிருந்தது. அந்த ஏறுதலைப் பற்றியே இன்று பெரிதும் பேசுவோம்.

அவர் பெயர் கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொற்லி. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கறுப்பின மக்களின் குடியுரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர். பின்னர் அந்நாட்டு மத்திய அரசின் நீதிபதியாக அமர்ந்த முதலாவது கறுப்பினப் பெண். மார்ட்டின் லூதர் கிங் என்ற பெயரை நம்மிற் சிறுவரும் அறிவர். அந்தக் கிங்குக்காக நீதிமன்றத்தில் நின்றவர்களுள் ஒருவராகிய இவரை அறிந்தவர் இம்மண்டபத்தில் எத்தனை பேர் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த மாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் அறியோம்.

மொற்லி 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கனெற்றிக்கற் மாநிலத்து நியூஹேவன் நகரிற் பிறந்தார். பன்னிரு பிள்ளைகளுள் ஒன்பதாமவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய நேவிஸிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோரைப் போலவே பிரித்தானிய முடியின் கீழ் வாழ்ந்த சிறு தீவார். நியூஹேவன், யேல் சர்வகலாசாலை இருக்கும் ஊர். அங்கே படிக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கழகங்களுக்குச் சமைப்பவராகத் தந்தையார் வேலை பார்த்தார். மகள் சிகையலங்காரத் தொழில் பழகினாற் போதும் என்பது தாயாரின் எண்ணம். அதிலே தாயைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டு பிள்ளை பெற்ற வீட்டிலே, கையிற் காசு தரும் தொழிலைத் தாய் நினைப்பது இயல்பே. மகளோ பள்ளிக்கூட நாளிலேயே தாம் சட்டம் படிப்பதென்று தீர்மானித்துவிட்டார்.

தீர்மானம் இருந்தது, பணம் இல்லை. உயர்நிலைக் கல்வி முடிந்தபின் கல்லூரிக்குப் போக வழியின்றி வேலைக்குப் போனார். அப்பொழுது நடந்த ஒரு சம்பவத்தை நம் சங்கத்து இளைஞர்கள் ஊன்றிக் கேட்கவேண்டும். அவ்வூரிலே கறுப்பின மக்களுக்கென்று டிக்ஸ்வெல் சனசமூக நிலையம் என ஒன்று கட்டப்பட்டிருந்தது. கட்டடம் நல்ல கட்டடம். வருவோர் தொகைதான் குறைவு. ஏன் என்று ஆராயக் கூட்டிய கூட்டத்திலே இந்த இளம் பெண் எழுந்தார். நிலையத்தை நடத்தும் சபையில் நம்மவர்க்கு இடமில்லை, நடத்துவோர் எல்லோரும் வெளியார், பின் நம்மவர் எப்படி அதைத் தமது என்று எண்ணுவர் என்று சபையோர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்நிலையத்துக்குப் பணம் கொடுத்தவராகிய கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்ற வெள்ளையர் அங்கேயே இருந்தார். கட்டட ஒப்பந்தத் தொழிலிற் பொருள் ஈட்டிய செல்வர். பேச்சைக் கேட்டு அவர் சினங்கொள்ளவில்லை. இத்துணைத் தெளிவாகப் பேசும் பெண் ஏன் கல்லூரிக்குப் போகவில்லை என்று விசாரித்தார். காரணத்தை அறிந்ததும் படிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்றார். பெண்கள் சட்டம் படிப்பது பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயம் ஒன்றும் இருக்கவில்லை, இருந்தும் கொடுத்தார். தம் தருமத்தைக் குறை கூறியவளுக்கே தருமம் செய்தவர் என்பதனால் அவர் பெயரை இங்கே சொல்லுகிறோம். நம் ஊர்ச் சபைகளிலே இளையவர் ஒருவர் எழுந்து இப்படிப் பேசினால் என்ன நடக்கும் என்பதை முன்வரிசையில் இருக்கும் பெரியோர் தம் மனத்துள்ளே எண்ணிப் பார்ப்பார்களாக.

முதலில் தென் மாநிலமாகிய ரெனெசியிலே பிஸ்க் கல்லூரிக்குப் போனார். போகும் வழியில், சின்சினாற்றி நகரிலே, இருந்த இரயிற்பெட்டியை விட்டிறங்கிக் கறுப்பினத்தார்க்கென ஒதுக்கிய பழம் பெட்டிக்கு மாறவேண்டியதாயிற்று. தெற்கின் முதற் பாடம் அது. பின்னர் நியூயோர்க் சர்வகலாசாலையில் 1943இற் பட்டமும், கொலம்பியாவில் 1946இற் சட்டப்பட்டமும் பெற்றார். இடையே வேலை தேடி ஒரு சட்ட அலுவலகத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, கதவைத் திறந்தவர் இவர் நிறத்தைக் கண்டதும் உள்ளே வந்து இருக்கும்படிகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார். அந்தக் கதவு மூடியதும் நன்மைக்கே போலும்! 1945இல், மாணவியாக இருக்கும்போதே, தேர்குட் மார்ஷல் தலைமை வகித்த சட்டப் பாதுகாப்பு நிதியத்திலே எழுத்தாளராகச் சேர்ந்தார். கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் வழக்காடுவதற்கென அமைத்த நிதியம் அது. அங்கே இருபது ஆண்டுகள் உழைத்தார்.

அங்கு அவர் செய்த வேலை யாதென விளங்குவதற்குச் சட்ட நிலையைச் சிறிது சொல்லவேண்டும். 1896ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர் நீதிமன்றம், வசதிகள் சமமாக இருப்பின் இரு இனத்தாரையும் பிரித்து வைப்பது குற்றமன்று என்று தீர்த்திருந்தது. பிரிப்பு மட்டும் நடந்ததேயன்றிச் சமம் என்ற சொல் கடதாசியோடு நின்றுவிட்டது. அத்தீர்ப்பைப் பாடசாலை விஷயத்திலே கவிழ்த்தது 1954 மே 17இல் வெளிவந்த பிறவுண் வழக்குத் தீர்ப்பு. அவ்வழக்கின் மூலப் பிராதை வரைந்தவர் மொற்லி. அக்காலத்தில் நிதியத்தின் வழக்கறிஞருள் அவர் ஒருவரே பெண். உலகம் மார்ஷலின் வாதத்தை நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கவேண்டியதுதான். ஆனால் எந்த வாதமும் ஒரு பிராதிலே தொடங்குகிறது. அதில் ஒரு வரி பிசகினால் மேலே எழும்பும் மாளிகை முழுவதும் சரியும்.

தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதியரசரும் ஒருமித்துத் தந்த தீர்ப்பு. இனி என்ன, பள்ளிக்கூடங்கள் திறந்துவிடும் என்று நினைப்போம். திறக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே நீதிமன்றம், மாற்றத்தை விரைவாகவும் நிதானமாகவும் செய்க என்ற கருத்துப்பட ஓர் உத்தரவு கொடுத்தது. தென் மாநிலத்தார் விரைவை விட்டு நிதானத்தை மாத்திரம் பற்றிக்கொண்டனர். இனி ஒவ்வொரு கலாசாலையாக, ஒவ்வொரு பூங்காவாக, ஒவ்வோர் உணவுச்சாலையாக வழக்கிட்டால்தான் தீர்ப்பு நிலத்தில் இறங்கும் என்றாயிற்று. அவ்வேலைக்குப் புறப்பட்டவர்களுள் முன்நின்றவர் மொற்லி.

தெற்கு அவருக்குப் புதிதன்று. 1949இலேயே மிசிசிப்பியின் தலைநகராகிய ஜாக்சனுக்குச் சக வழக்கறிஞர் றொபேட் காற்றருடன் போயிருந்தார். ஒரே தகைமையுள்ள ஆசிரியர்களிலே கறுப்பினத்தார்க்குக் குறைந்த சம்பளம் கொடுப்பதை எதிர்த்த வழக்கு அது. விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. நீதிமன்றத்திலே, நீதிபதியின் ஆசனத்துக்குப் பின்னுள்ள சுவரில், பருத்தி எடுக்கும் கறுப்பின மக்களை ஒருபுறமும் மாளிகைவாசிகளாகிய வெள்ளையரை மற்றொருபுறமும் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று தீட்டப்பட்டிருந்தது. அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டேதான் சமத்துவத்தைப் பற்றி வாதாடவேண்டும்! கறுப்பினத்துப் பெண் ஒருத்தி வழக்கறிஞர் மேசையில் இருப்பதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அவரைத் திருமதி என்று குறிக்க மனமில்லாமல் ‘அந்த மொற்லிப் பெண்’ என்று எழுதிற்று. மரியாதைப் பன்மையை வழங்கும் மொழியிற் பிறந்த நமக்கு இதன் கூர் நன்றாகவே தெரியும். ‘அவர்’ என்பதை ‘அவள்’ ஆக்குவதற்கு ஓரெழுத்தே போதும்.

அவ்வழக்குத் தோற்றது. வழக்கிட்ட ஆசிரியை வேலையையும் இழந்தார். மொற்லி நியூயோர்க்குக்குத் திரும்பினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே மாநிலத்துக்கு, அதே நீதிபதியின் முன், மறுபடியும் வந்தார். இம்முறை அவர் கொண்டுவந்தது ஜேம்ஸ் மெரெடித்தின் வழக்கு.

மெரெடித் விமானப்படையில் ஒன்பது ஆண்டு சேவை செய்தவர். 1961 ஜனவரியில், ஜனாதிபதி கென்னடி பதவியேற்ற மறுநாளே, மிசிசிப்பிச் சர்வகலாசாலைக்கு விண்ணப்பப் பத்திரம் கேட்டு எழுதினார். அச்சர்வகலாசாலையிலே தம் இனத்தவரென அறியப்பட்ட எவரும் அதுவரை படித்ததில்லை. வந்த மறுப்புக்கு நிறம் காரணமாகச் சொல்லப்படவில்லை. இதை நாம் கவனிக்கவேண்டும். விண்ணப்பம் பிந்தியது என்றனர். பழைய மாணவர் ஐவருடைய நற்சான்று வேண்டும் என்றனர். அறிந்தவரையில் கறுப்பினத்தார் ஒருவரேனும் பழைய மாணவராக இல்லாத இடத்திலே, இவருக்கு நற்சான்று கொடுக்க ஐந்து பழைய மாணவர் எங்கேயிருந்து வருவர்? எழுத்திலே எவரையும் விலக்காத விதி, நடைமுறையிலே ஓரினத்தை முழுவதுமாக விலக்கிற்று. வாயிலை அடைக்கிறவன் பூட்டை வெளியே தெரியத் தொங்கவிடுவதில்லை என்பதை இக்கதை கேட்கும் பெரியோர் சிலர் அறிவார்கள். அந்த வித்தை எந்த ஊருக்கும் புதியதன்று.

1961 மே 31இல் வழக்குத் தாக்கலாயிற்று. பின்பு வந்தன தவணைகள். எதிர்தரப்பு வழக்கறிஞருக்குச் சுகவீனம் என ஒரு தவணை. வேறு அலுவல் என ஒரு தவணை. அதற்குள் ஓர் உள்நோக்கம் இருந்தது. மெரெடித் அப்பொழுது ஜாக்சனிலே வேறொரு கலாசாலையிற் படித்துக்கொண்டிருந்தார். வழக்கு நீள நீள அவர் அங்கேயே பட்டம் பெற்றுவிடுவார். பட்டம் பெற்றால் வழக்குக்கு வேலையில்லை. மொற்லி ஒவ்வொரு தவணைக்கும் நியூயோர்க்கிலிருந்து வந்தார். வீட்டிலே பத்து வயதை எட்டாத ஒரே மகன். இருபது முறைக்கு மேல் இவ்வாறு மிசிசிப்பிக்குப் போய்வந்தார்.

வந்தவர் என்ன செய்தார்? கோப்புகளைக் கேட்டார். பதிவாளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அனுமதிப் பதிவேடுகளை எடுப்பித்து, இந்த வெள்ளை மாணவனின் விண்ணப்பம் எந்தத் திகதியில் வந்தது, அந்த மாணவனுக்குச் சான்று கேட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பு ஜோர்ஜியாச் சர்வகலாசாலை வழக்கிலும் அவ்வாறே செய்தார். அங்கே சாலீன் ஹன்ரர் என்ற மாணவிக்கும் ஹமில்ற்றன் ஹோம்ஸ் என்ற மாணவருக்கும், விடுதியில் இடமில்லை என்பது போன்ற சாட்டுகள் சொல்லப்பட்டன. அந்த அலுவலகத்துப் பத்திரங்களை அடுக்கடுக்காகப் புரட்டியதில், அதே காலத்தில் வெள்ளை மாணவர்க்கு அந்தச் சாட்டுகள் குறுக்கே நிற்கவில்லை என்பது வெளிவந்தது. பத்திரங்களைப் புரட்டியவர்களுள் ஒருவர் அப்பொழுதுதான் சட்டப் படிப்பை முடித்து வந்த வேணன் ஜோர்டன். பிற்காலத்தில் அமெரிக்கப் பொதுவாழ்விலே பெரும் புகழ் பெற்றவர். 1961 ஜனவரியில் அவ்வாயில் திறந்தது. நம்முள்ளே மேடையேறிப் பேச விரும்புவோர் பலர். பழைய கோப்பின் தூசியைத் தட்டி இரவெல்லாம் பார்ப்பதற்கு விரும்புவோர் சிலரே. இதை நாம் நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

மிசிசிப்பியிலே இரவுப் பயணங்களில் அவருக்குச் சாரதியாக இருந்தவர் மெட்கர் எவர்ஸ். அம்மாநிலத்தில் முன்னேற்றச் சங்கத்தின் காரியதரிசி. ஒரு பயணத்தின்போது மொற்லி காருக்குள்ளிருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எவர்ஸ் மெதுவாக, திரும்பிப் பார்க்கவேண்டாம், எழுதுகிற தாள்களைப் பத்திரிகைக்குள் மறைத்துவிடுங்கள் என்றார். பின்னாலே பொலிஸ் வண்டி ஒன்று தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் குறிப்பைப் பொலிசாருக்கு ஒளித்துக் கொண்டுபோகவேண்டிய நாடாக அது இருந்தது.

நீதிபதி மைஸ் 1962 பெப்ரவரியில் தீர்ப்புக் கூறினார்: அச்சர்வகலாசாலை இனப்பிரிவினை செய்யும் இடமன்று என்பது அவர் முடிவு! ஆண்டு நூற்றுக்கு மேலாக வெள்ளையர்க்கென்றே நடந்த இடத்தைப் பற்றி நீதியாசனத்திலிருந்து இவ்வாறு சொல்லப்பட்டது. மொற்லி மேன்முறையீடு செய்தார். ஜூன் 25இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. தவணைகளின் உள்நோக்கத்தையும் அது வெளிப்படையாகவே எழுதிவிட்டது. உடனே, வழக்கைக் கேட்டிராத மற்றொரு மேன்முறையீட்டு நீதிபதி உத்தரவை நிறுத்திவைத்தார். அதை அவர் சகநீதிபதிகள் நீக்கினர். அவர் மீண்டும் நிறுத்தினார். இப்படி நான்கு முறை. கடைசியில் செப்டெம்பர் 10இல் உயர் நீதிமன்ற நீதியரசர் ஹியூகோ பிளாக் அந்தத் தடைகளை அகற்றினார்.

அப்பொழுதும் வாயில் திறக்கவில்லை. மாநிலத் தேசாதிபதி பார்னெற் தாமே குறுக்கே நின்றார். செப்டெம்பர் 30 இரவு சர்வகலாசாலை வளவிலே கலகம் மூண்டு இருவர் உயிரிழந்தனர். அவருள் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகை நிருபர். பல ஆயிரம் போர்வீரர் வந்திறங்கினர். ஒக்டோபர் 1ஆந் திகதி காலையில் மெரெடித் மாணவராகப் பதிவு செய்யப்பட்டார். ஒரு மனிதன் ஒரு வகுப்பறையில் இருப்பதற்கு இவ்வளவும் வேண்டியிருந்தது.

1963 ஜூன் 12இல், நள்ளிரவுக்குப் பின், எவர்ஸ் தம் வீட்டு முற்றத்திலே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி தண்டனை பெற்றது 1994இல். எவர்ஸ் இறந்து இரண்டு மாதங்களில் மெரெடித் பட்டம் பெற்றார். மொற்லி அவ்வீட்டிலே விருந்தினராகத் தங்கி உண்டவர். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே கோடையில் ஏற்றுக்கொண்ட உள்ளம் என்ன பட்டிருக்கும் என்பதை நாம் சொற்களால் விரிக்கப்போவதில்லை.

கிங் அவர்களைப் பற்றிச் சிறிது. காந்தியடிகளின் நெறியைத் தம் நெறியாகக் கொண்டு, 1959இல் இந்தியாவுக்கும் வந்துபோன கிங், சட்டத்தை மீறி மறியலுக்குப் போகத் தயங்காதவர். ஆனால் 1962 ஜூலையில், ஜோர்ஜியாவின் ஓல்பெனி நகரிலே, மத்திய அரசின் நீதிபதி ஒருவர் ஊர்வலத்துக்குத் தடையுத்தரவு பிறப்பித்தபோது, கிங் கீழ்ப்படிந்தார். மாநில நீதிமன்றத்தின் தடையென்றால் வேறு. மத்திய நீதிமன்றங்களோ கறுப்பின மக்களுக்கு இருந்த ஒரே தஞ்சம். அதை அவமதித்துவிட்டு நாளை அதனிடமே நீதி கேட்பது எவ்வாறு? வீதியில் நிற்பவனின் கையை அவனுடைய நண்பனே கட்டிவிட்ட நிலை. மொற்லியும் தோழர்களும் அற்லாண்டாவிலிருந்த மேன்முறையீட்டு நீதிபதி எல்பேட் ரட்டிலிடம் சென்று, நான்கே நாளில் அத்தடையை நீக்குவித்தனர்.

அடுத்த ஆண்டு பேர்மிங்ஹாம். அங்கே சிறுவர் சிறுமியர் ஊர்வலம் போனதையும், அவர்கள்மேல் நாய்களும் நீர்க்குழாய்களும் ஏவப்பட்டதையும் படத்திலே பார்த்திருப்பீர்கள். பின்பு நடந்தது பலருக்குத் தெரியாது. ஊர்வலத்திற் போன குற்றத்துக்காக 1,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கல்விச்சபை பள்ளியிலிருந்து விலக்கிற்று. அவர்களிற் பலர் அவ்வாண்டு படிப்பை முடிக்கவேண்டியவர். பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் என்ன நினைப்பர்? இயக்கம் அங்கேயே உடைந்துபோகக் கூடிய நேரம் அது. மே 22இல் உள்ளூர் மத்திய நீதிபதி மொற்லியின் மனுவைத் தள்ளினார். அன்றே அற்லாண்டாவுக்குப் பறந்து, அன்றே ரட்டிலின் முன் வாதாடி, அன்று இரவுக்குள் உத்தரவு பெற்றுவிட்டார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். அவர் வாழ்விலே நமக்கு மிகவும் பிடித்த நாள் எது என்று கேட்டால் இந்த ஒருநாளையே சொல்லுவோம். உயர் நீதிமன்ற வெற்றிகளைக்கூட அடுத்தபடியாகவே வைப்போம்.

அவ்வெற்றிகளும் சிறியன அல்ல. உயர் நீதிமன்றத்திலே அவர் வாதாடிய வழக்குகள் 10; வென்றவை 9. 1961இல் அங்கு முதன்முறை எழுந்தபோது, அம்மன்றத்தில் வாதாடிய முதற் கறுப்பினப் பெண் அவரே. மரணதண்டனைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை, வழக்கறிஞர் இல்லாமல் நிறுத்திக் குற்றப்பத்திரம் வாசித்தது செல்லாது என்பது அவ்வழக்கு. நீதியரசர் எல்லோரும் ஒப்புக்கொண்டனர். 1963இல் மெம்பிஸ் நகரசபை, பூங்காக்களைத் திறந்துவிட இன்னும் காலம் வேண்டும் என்று கேட்டது. உரிமை என்பது இன்றே அனுபவிக்க வேண்டியது, என்றோ ஒருநாள் வரும் வாக்குறுதியன்று என்ற கருத்திலே நீதிமன்றம் அதை மறுத்தது.

தோற்ற ஒன்றையும் மறைக்கலாகாது. அது சுவெயின் வழக்கு, 1965. அலபாமாவில் ஒரு கறுப்பின இளைஞருக்கு மரணதண்டனை விதித்த ஜூரிகளிலே அவ்வினத்தவர் ஒருவரும் இல்லை; பெயர் அழைக்கப்பட்டவர்களையும் அரசதரப்பு ஒவ்வொருவராக நீக்கிற்று. அவ்வாறு நீக்குவதைத் தடுக்க நீதிமன்றம் அன்று இசையவில்லை. 1986இல், இருபத்தொரு ஆண்டுகளின் பின், வேறொரு வழக்கிலே அதே நீதிமன்றம் தன் பழைய முடிவின் முக்கிய பகுதியைக் கைவிட்டது. பத்தாவது வழக்கையும் காலம் வென்று கொடுத்தது என்று மொற்லியின் அன்பர்கள் சொல்லுவதுண்டு. உண்மைதான், ஆயினும் இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டிலே அவ்விதிக்குப் பலியானோர்க்கு அது ஆறுதலாகாது.

அரசியலில் அவர் இருந்த காலம் குறுகியது. 1964இல் நியூயோர்க் மாநில மேற்சபைக்குத் தெரிவான முதற் கறுப்பினப் பெண்ணானார். 1965இல் மன்ஹாற்றன் பகுதித் தலைவர் பதவியை வகித்த முதற் பெண்ணானார். 1966 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சன் அவரை மத்திய நீதிபதியாக நியமித்தார். நியமனத்தை ஆராயும் குழுவின் தலைவரோ மிசிசிப்பியைச் சேர்ந்த செனற்றர் ஈஸ்ற்லண்ட். மெரெடித் வழக்கை அவர் மறந்திருப்பாரா? பொதுவுடைமைவாதி என்றும் பழி சுமத்தி, ஏழு மாதம் இழுத்தடித்தார். ஆகஸ்ட் மாத முடிவிலேதான் நியமனம் உறுதியாயிற்று.

இனி அவருடைய நீதிபதி வாழ்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தை விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1975இல், பெண் வழக்கறிஞர்க்குப் பாரபட்சம் காட்டியதாகப் பெயர்பெற்ற ஒரு சட்ட நிறுவனத்தின்மேல் வந்த வழக்கு அவர் முன் வந்தது. எதிர்தரப்பார் ஒரு மனுப் போட்டனர். நீதிபதி ஒரு பெண், கறுப்பினத்தவர், பாரபட்சத்துக்கு ஆளானவர்களுக்காக முன்னர் வாதாடியவர். ஆதலால் அவர் இவ்வழக்கிலிருந்து விலகவேண்டும் என்பது அவர்கள் வாதம். மொற்லி விலக மறுத்தார். அவர் காட்டிய நியாயம் மிகச் சுருக்கமானது. ஆணோ பெண்ணோ ஆகாத, ஓர் இனத்திலும் பிறவாத நீதிபதி எங்கே இருக்கிறார்? பிறப்பையும் முன்னைத் தொழிலையும் காரணங்காட்டி விலக்குவதாயின், அந்த நீதிமன்றத்திலே எவரும் எவ்வழக்கையும் கேட்கமுடியாது. வெள்ளைநிற ஆண்மகனுக்கு மட்டும் நிறமும் பாலும் இல்லை என்று எண்ணிய ஓர் உலகத்துக்கு இது புதிய செய்தியாக இருந்தது. எவர் பொதுமனிதர், எவர் ‘ஒரு பகுதியார்’ என்ற கேள்வி நம் சபைகளிலும் அடிக்கடி எழுவதாகையால் இதை நிதானமாகச் சொன்னோம்.

உரிமை கோரி வந்தவர் எல்லோருக்கும் அவர் சார்பாகவே தீர்த்தார் என்று எண்ணுதல் தவறு. சான்று போதாத இடத்திலே தம் பழைய தோழர்களே மனம் நோகத் தீர்த்ததும் உண்டு. 1978இலோ, மெலிசா லட்கி என்ற பெண் நிருபரை, ஆண் நிருபர்கள் போகும் விளையாட்டு வீரரின் உடைமாற்றும் அறைக்குள் விடாமல் தடுத்த வழக்கில், யாங்கி விளையாட்டரங்கின் கதவைத் திறக்கச் செய்தார். பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. வீரரின் மானத்தைக் காக்க ஒரு திரைச்சீலை போதும், ஒருத்தியின் தொழிலை அழிக்கவேண்டியதில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

1982இல் அம்மாவட்டத்துப் பிரதம நீதிபதியானார். 1998இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 2005 செப்டெம்பர் 28இல், 84ஆம் வயதிலே, காலமானார்.

அவர் வாதாடிய மற்றொருவரைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஓதரின் லூசி என்ற மாணவி, மொற்லியும் மார்ஷலும் பெற்றுக்கொடுத்த தீர்ப்போடு 1956 பெப்ரவரியில் அலபாமாச் சர்வகலாசாலையில் காலடி வைத்தார். கூட்டம் கல்லெறிந்தது. கல்லெறிந்தவர்களை விட்டுவிட்டு, அவருடைய பாதுகாப்புக்கென்று சொல்லி, அவரையே வெளியேற்றினர்; பின்பு நிரந்தரமாகவும் விலக்கினர். அவ்விலக்கலை அச்சர்வகலாசாலை 1988இல் நீக்கிற்று. லூசி மறுபடியும் அங்கே மாணவியாகி, 1992இல், தம் மகளோடு ஒரே நாளில் பட்டம் பெற்றார்.

2022இலே கெற்றாஞ்சி பிறவுண் ஜாக்சன் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதற் கறுப்பினப் பெண் நீதியரசரானார். நியமனத்தை ஏற்றுப் பேசியபோது அவர் நினைவுகூர்ந்த பெயர் மொற்லியின் பெயர். இருவரும் பிறந்தது செப்டெம்பர் 14. இடையே 49 ஆண்டு. 2024இல் அமெரிக்கத் தபாற்பகுதி மொற்லியின் உருவம் பதித்த முத்திரை ஒன்றை வெளியிட்டது. அந்த முத்திரையின் படத்தைப் பெரிதாக்கி வாயிற்பக்க மேசையிலே வைத்திருக்கிறோம். தேநீருக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போகலாம்.